பதின்மூன்று வரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு

பிரிட்ஜ் கற்று இரண்டு மூன்று வருடமாகி, வாரம் ஒருமுறையாவது டூப்ளிகேட் ஆட வரும் நண்பர்களுக்கு,



உங்களில் பலரை எனக்குப் பழக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கணவனும் மனைவியுமாக வந்து எதிரெதிரே உட்காரும் துணிச்சல்காரர்கள். வயதும் தொழிலும் எதுவாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் நீங்கள் அத்தனை பேரும் ஒன்று. ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு முழுக்க பிட்டிங்கைப் பற்றியே இருக்கும். ஸ்டேமன் கேட்டிருக்கலாமா, டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு 3 ஸ்பேடு சொன்னால் என்ன அர்த்தம், சாதா பிளாக்வுட்டை விட்டுவிட்டு கீ-கார்டுக்கு மாறலாமா என்று விவாதம் நீளும். அதே மாலையில் ஒன்பது டிரிக் கைக்குள்ளேயே இருந்த 3 நோ-டிரம்ப் ஒன்று எட்டில் நின்றிருக்கும். அதைப் பற்றி மூச்சு இருக்காது. "டைமண்ட் குயின் தப்பான பக்கம் இருந்தது, என்ன செய்ய?" என்று ஒரே வரியில் கோப்பு மூடப்பட்டுவிடும்.

எனவே ஒரு வேண்டுகோள். புது கன்வென்ஷன் கற்பதை ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த பிட்டிங் போதும். போதாதது சீட்டாட்டம்.

சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. ஒரு போர்டில் நால்வரில் ஒருவர் டிக்ளேரர், ஒருவர் டம்மி, மற்ற இருவரும் டிஃபென்ஸ். ஒரு மாலையில் 24 போர்டு ஆடினால் சராசரியாக ஆறில் நீங்கள் டிக்ளேரர், ஆறில் டம்மி, பன்னிரண்டில் டிஃபென்டர். அதாவது பாதி நேரம் டிஃபென்ஸில் கழிகிறது. நீங்கள் போன வாரம் மனப்பாடம் செய்த கன்வென்ஷன் ஒரு மாலையில் ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம். எது பன்னிரண்டு முறை வருகிறதோ அதற்குப் பயிற்சி இல்லை, எது எப்போதாவது எட்டிப் பார்க்கிறதோ அதற்கு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம்.

"ஞாபகசக்தி இல்லையே, வயதாகிவிட்டதே" என்று சிலர் சொல்வீர்கள். ரம்மியில் அடுத்த வீட்டுக்காரர் மூன்று சுற்றுக்கு முன் எடுத்த சீட்டு எது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதே, அது எப்படி? யாழ்ப்பாணத்தில் 304 ஆடி வளர்ந்தவர்களைப் பாருங்கள், துரும்பு எத்தனை போயிற்று என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வயதைப் பற்றியும் ஒன்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் பிரிட்ஜ் முதன்முதலாக இடம்பெற்றது. ஆண்கள் இரட்டையரில் தங்கம் வென்ற வங்காளத்துக்காரர்களில் பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. ஆக, வயதைக் காரணம் காட்டுவதை விட்டுவிடலாம்.

சரி, டிக்ளேரராக ஒரு கையைப் பார்ப்போம். தெற்கு 1 நோ-டிரம்ப் திறக்கிறார், வடக்கு நேராக 3 நோ-டிரம்ப். மேற்கு ஸ்பேடு 6 லீட் செய்கிறார். டம்மி விரிகிறது: ஸ்பேடில் 5, 3, ஹார்ட்டில் கிங், 7, 2, டைமண்டில் ஏஸ், ஜாக், 10, 9, 4, கிளாவரில் கிங், 6, 4. உங்கள் கையில்: ஸ்பேடில் ஏஸ், 9, 4, ஹார்ட்டில் ஏஸ், 6, 3, டைமண்டில் கிங், 8, 5, கிளாவரில் ஏஸ், 9, 7, 3.

டம்மியிலிருந்து சீட்டைத் தொடாதீர்கள். முதலில் எண்ணுங்கள். ஸ்பேடில் ஒன்று, மற்ற மூன்று சூட்டிலும் இரண்டிரண்டு, ஆக ஏழு டிரிக் உறுதி. இன்னும் இரண்டு வேண்டும். அவை டைமண்டில் இருக்கின்றன, குயினைக் கொடுத்துவிட்டால்கூட மொத்தம் நான்கு டைமண்ட் கிடைக்கும். எனவே குயினைப் பிடிப்பது உங்கள் பிரச்சினையே இல்லை. குயினை யாரிடம் இழப்பது என்பதுதான் பிரச்சினை.

இப்போது அந்த ஸ்பேடு 6. நீளமான சூட்டிலிருந்து மேலிருந்து நான்காவது சீட்டை லீட் செய்வது வழக்கம். பழைய விஸ்ட் காலத்திலிருந்தே வரும் பதினொன்றின் விதியைப் போடுங்கள்: பதினொன்றில் ஆறு போக ஐந்து. லீட் செய்தவரைத் தவிர மற்ற மூவரிடமும் சேர்த்து ஆறுக்கு மேற்பட்ட ஸ்பேடு ஐந்து இருக்கிறது. உங்களிடம் ஏஸும் 9-ம், டம்மியில் ஒன்றும் இல்லை. அப்படியானால் கிழக்கிடம் மூன்று. ஆறுக்குக் கீழே 5, 4, 3 மூன்றும் உங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. தெரியாதது 2 மட்டும். அது மேற்கிடம் இருந்தால் ஸ்பேடு ஐந்துக்கு மூன்று என்று பிரிந்திருக்கிறது, கிழக்கிடம் இருந்தால் நாலுக்கு நாலு. இன்னும் ஒரு டிரிக் கூட முடியவில்லை, ஸ்பேடு சூட் கிட்டத்தட்ட முழுக்க உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நாலுக்கு நாலு என்றால் பயமே இல்லை, மூன்று ஸ்பேடும் டைமண்ட் குயினும் போனாலும் ஒன்பது வரும். ஐந்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டு ஆடுவதுதான் புத்திசாலித்தனம். கிழக்கு குயினைப் போடுகிறார், விட்டுவிடுங்கள். 10 வருகிறது, அதையும் விடுங்கள். மூன்றாவது சுற்றில் ஏஸை எடுங்கள். இப்போது கிழக்கின் கையில் ஸ்பேடு தீர்ந்துவிட்டது. முதல் சுற்றிலோ இரண்டாவது சுற்றிலோ ஏஸை எடுத்திருந்தால் கிழக்கிடம் மேற்குக்கு அனுப்ப ஒரு ஸ்பேடு மிச்சம் இருந்திருக்கும். அந்த ஒரு சீட்டு கான்ட்ராக்ட்டைக் கொன்றுவிடும்.

அடுத்து டைமண்ட். குயினுக்கு இரு பக்கமும் ஃபினெஸ் செய்யலாம். இங்கேதான் கொஞ்சம் படித்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மேற்கிடம் ஐந்து ஸ்பேடு, கிழக்கிடம் மூன்று, எனவே மற்ற சூட்டுகளுக்கு மேற்கின் கையில் எட்டு இடம்தான், கிழக்கின் கையில் பத்து, ஆகவே குயின் கிழக்கிடம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு, டம்மியிலிருந்து ஜாக்கை ஓடவிடுவார்கள். கணக்கு சரி, ஆட்டம் தவறு. குயின் மேற்கிடம் இருந்துவிட்டால் அவர் மிச்ச இரண்டு ஸ்பேடையும் அடித்து ஒரு டிரிக் இறக்கிவிடுவார். செய்ய வேண்டியது: கையிலிருந்து கிங்கை அடித்துவிட்டு, 8-ஐ டம்மியை நோக்கிப் போட்டு, மேற்கு சின்னது போட்டால் ஜாக்கை வையுங்கள். கிழக்கு குயினால் ஜெயிக்கட்டும், தாராளமாக. அவரிடம் ஸ்பேடு கிடையாது. எதைத் திருப்பினாலும் ஒன்பது டிரிக் உங்களுடையது. சதவீதத்துக்கு எதிராக ஆடி நூற்றுக்கு நூறு வாங்கிய கை இது.

இந்தக் கையில் அபூர்வமான வித்தை எதுவும் இல்லை. ஸ்குவீஸ் இல்லை, என்ட்-பிளே இல்லை. எந்த டிஃபென்டர் உள்ளே வந்தால் ஆபத்து, யார் வந்தால் ஆபத்தில்லை என்ற கேள்வி மட்டும். நீங்கள் தோற்கும் கான்ட்ராக்ட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். அதுவும் அநேகமாக முதல் டிரிக்கிலேயே, யோசிக்காமல் ஏஸை எடுத்த அந்த வினாடியிலேயே தோற்றிருக்கும்.

சூட் கான்ட்ராக்ட்டுகளில் துருப்பை உடனே இழுப்பதா, டம்மியில் வெட்டிய பிறகு இழுப்பதா என்று ஆளுக்கொரு கொள்கை வைத்திருக்கிறோம். கொள்கை வேண்டாம். இழக்கும் டிரிக்குகளை எண்ணினால் பதில் தானாக வரும். சில எண்களை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரிகளிடம் ஐந்து சீட்டு இருந்தால் மூன்றுக்கு இரண்டாகப் பிரிய 68 சதவீதம், நாலுக்கு ஒன்றாக 28. ஆறு சீட்டு இருந்தால் மூன்றுக்கு மூன்று 36 சதவீதம்தான், நாலுக்கு இரண்டு 48. ஏழு சீட்டு சூட்டை வைத்துக்கொண்டு "பாதிக்குப் பாதி வந்துவிடும்" என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கடைசி இரண்டு எண்களை மறுபடி படிக்கவும்.

இனி டிஃபென்ஸ். ஆட்டத்தில் இதுவே மிகக் கடினம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டிக்ளேரர் தன் படையின் இருபத்தாறு சீட்டையும் பார்த்துக்கொண்டு ஆடுகிறார். நீங்கள் பார்ப்பதும் இருபத்தாறுதான், ஆனால் அதில் பாதி எதிரியுடையது. உங்கள் பார்ட்னரின் கையைப் பார்க்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அவர் உதவினால் சரியாக ஊகிக்கலாம்.

எப்படி உதவுவது? தெற்கு 3 நோ-டிரம்ப் ஆடுகிறார். டம்மியில் டைமண்ட் கிங், குயின், ஜாக், 10, 5 என்று வரிசையாக நிற்கிறது. டம்மிக்குள் நுழைய வேறு சூட்டில் வழியில்லை. நீங்கள் கிழக்கு, உங்களிடம் டைமண்ட் ஏஸ், 8, 3. தெற்கு கையிலிருந்து 4-ஐப் போட, டம்மி கிங்கை வைக்கிறது. நீங்கள் 3-ஐப் போட்டு ஏஸை நிறுத்தி வைக்கிறீர்கள், அது எல்லாருக்கும் தெரிந்த பாடம். டம்மியிலிருந்து உடனே குயின் வருகிறது. இப்போது எடுப்பதா, இன்னும் விடுவதா?

தெற்கிடம் இரண்டு டைமண்ட்தான் என்றால் இப்போதே எடுக்க வேண்டும், விட்டால் அவருக்கு இரண்டாவது டைமண்ட் டிரிக் இனாமாகப் போகும், அது ஒன்பதாவது டிரிக்காகவும் இருக்கலாம். மூன்று டைமண்ட் என்றால் இப்போது எடுக்கவே கூடாது, எடுத்தால் மிச்சமிருக்கும் ஒரு டைமண்டைப் பிடித்துக்கொண்டு டம்மிக்குப் போய் மொத்த சூட்டையும் அள்ளிவிடுவார். இரண்டா மூன்றா? உங்கள் சீட்டில் பதில் இல்லை. பதில் முதல் சுற்றில் பார்ட்னர் போட்ட சீட்டில் இருக்கிறது.

இரட்டைப்படை என்றால் பெரியதிலிருந்து சின்னது, ஒற்றைப்படை என்றால் சின்னதிலிருந்து பெரியது. இதுதான் கவுன்ட் சிக்னல். மேற்கு முதல் சுற்றில் 7 போட்டிருந்தால், வெளியே மிச்சம் 9, 6, 2. மூன்று சீட்டு வைத்திருப்பவருக்கு 7 மிகச் சின்னச் சீட்டாக இருக்க வழியில்லை, 8-ம் ஏஸும் உங்களிடம், 10 முதல் கிங் வரை எல்லாம் டம்மியில். எனவே அவரிடம் இரண்டு, தெற்கிடம் மூன்று. குயினையும் விட்டுவிடுங்கள், மூன்றாவது சுற்றில் எடுங்கள். மேற்கு 2 போட்டிருந்தால் அவரிடம் மூன்று, தெற்கிடம் இரண்டு. குயினை உடனே ஏஸால் எடுங்கள். ஒற்றைச் சீட்டாக இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அப்போது தெற்கிடம் நான்கு டைமண்ட் இருக்கும், நீங்கள் எப்போது எடுத்தாலும் அந்த சூட்டை அடைக்க முடியாது, எனவே அந்தக் கவலை வேண்டாம்.

பாருங்கள், மேற்கு ஒரு உதவாக்கரைச் சீட்டைத்தான் போட்டார். அவர் அசட்டையாகக் கைக்கு வந்த டைமண்டை வீசியிருந்தால் நீங்கள் குருட்டாம்போக்கில் ஆடியிருப்பீர்கள். "என் கையில் ஒன்றுமே இல்லை, நான் என்ன செய்ய?" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களே, கை காலியாக இருக்கும் நாளில்தான் உங்கள் 7-க்கும் 2-க்கும் மதிப்பு. டிக்ளேரரும் சிக்னலைப் பார்ப்பார் என்பது உண்மை. பரவாயில்லை. உங்கள் மட்டத்தில் பார்ட்னருக்கு உண்மையைச் சொல்வதால் வரும் லாபம், எதிரியை ஏமாற்றுவதால் வரும் லாபத்தைவிட எவ்வளவோ அதிகம்.

இதில் இன்னொரு நுணுக்கம் வேகம். கிங் வந்தபோது நீங்கள் பத்து வினாடி கூரையைப் பார்த்துவிட்டு 3-ஐப் போட்டால், ஏஸ் எங்கே என்று மேசைக்கே தெரிந்துவிடும். உங்கள் தயக்கத்தை வைத்துப் பார்ட்னர் முடிவெடுப்பதற்கு விதியில் இடமில்லை, டிக்ளேரர் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. எனவே யோசனையை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். முதல் லீட் விழுந்து டம்மி விரிந்ததும் மூன்றாவது ஆளாக இருக்கும் டிஃபென்டரும் நிதானமாக யோசிக்கலாம். அந்த நேரத்தில் அந்த டைமண்ட் வரிசையைப் பார்த்து "இவர் இதைத்தான் தொடுவார், நான் முதல் சுற்றில் விடுவேன்" என்று தீர்மானித்துவிட்டால், சீட்டு வரும்போது கை தயங்காது.

டிஃபென்ஸில் எண்ணுவதற்கு இன்னொரு வழி பாயின்ட். தெற்கு 15-லிருந்து 17 என்று சொல்லி 1 நோ-டிரம்ப் திறந்திருக்கிறார். டம்மியில் 10, உங்கள் கையில் 9. மொத்தம் நாற்பது. ஆக பார்ட்னரிடம் 4-லிருந்து 6 வரைதான் இருக்க முடியும். அவர் ஒரு ஏஸைக் காட்டிவிட்டார் என்றால் இன்னொரு கிங் அவரிடம் இல்லவே இல்லை. அவரிடம் கிங் இருக்கும் என்று நம்பி அந்த சூட்டைத் திறப்பது தற்கொலை. இந்தக் கழித்தலுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனால் நம்மில் எத்தனை பேர் போடுகிறோம்?

சீட்டுகளை எண்ணும்போது விழுந்த சீட்டை எல்லாம் எண்ணி மூளையைக் களைப்பாக்காதீர்கள். கண்ணில் படாத சீட்டை மட்டும் எண்ணுங்கள். உங்களிடமும் டம்மியிலும் எட்டு என்றால் வெளியே ஐந்து, எதிரிகள் போடப் போட அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கைகளை வடிவமாகப் பழகுவதும் உதவும்: 4-4-3-2 மிக அதிகம் வருவது, ஐந்தில் ஒரு கைக்குச் சற்று மேல். அடுத்து 5-3-3-2, பிறகு 5-4-3-1. இவை வாயில் பழகிவிட்டால், ஒருவரிடம் ஐந்து ஸ்பேடும் நாலு ஹார்ட்டும் தெரிந்தவுடன் மிச்சம் நாலே நாலு என்று தானாக ஓடும். முதல் வாரம் ஒரு சூட்டை மட்டும் எண்ணுங்கள். நாலு சூட்டையும் ஒரே நாளில் எண்ணப் போனால் ஒன்றும் தங்காது.

புத்தகங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. டிக்ளேரர் ஆட்டத்துக்கு லூயி வாட்சன் 1934-இல் எழுதியது இன்றும் பழசாகவில்லை. டிஃபென்ஸுக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஹியூ கெல்சியின் கில்லிங் டிஃபென்ஸ் அட் பிரிட்ஜ், 1966. கொஞ்சம் கடினம், ஒரு நாளைக்கு ஒரு கை என்று படித்தால் போதும். எஸ். ஜே. சைமனின் ஒய் யூ லூஸ் அட் பிரிட்ஜ், 1945, சிரித்துக்கொண்டே படிக்கலாம். அதில் வரும் திருமதி குகன்ஹைமைப் பார்த்ததும் உங்கள் கிளப்பில் ஒருவர் நினைவுக்கு வருவார். அந்த ஒருவர் நாமே என்பது சீக்கிரமே புரிந்துவிடும். கிடைக்கும் தலைசிறந்த முடிவைத் தேடாதே, இந்தப் பார்ட்னரோடு கிடைக்கக்கூடிய சிறந்த முடிவைத் தேடு என்பது சைமன் சொல்வதன் சாரம்.

ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுக்கும் அச்சிட்ட தாளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "இந்தக் கையில் 4 ஹார்ட் ஆகும்" என்று அதன் மூலையில் போட்டிருக்கும். அதைக் காட்டிப் பார்ட்னரைக் குடைபவர்கள் அதிகரித்துவிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்ட கணினிக்கு நாலு கையும் தெரியும். ஒற்றைக் கிங்கை ஏஸால் விழ வைத்து ஆட்டத்தை முடிக்கச் சொல்லும். நாலு கையும் தெரியாத மனிதர் ஃபினெஸ் செய்து தோற்றால் அது குற்றமல்ல. தாளில் பார்க்க வேண்டியது அதை அல்ல. உங்களுக்கு அப்போது தெரிந்திருந்த தகவலை வைத்து வேறு எப்படி ஆடியிருக்கலாம் என்பதைப் பாருங்கள். அதையும் ஆட்டம் முடிந்த பிறகு. போர்டுகளுக்கு நடுவே மேசையில் நடத்தும் விசாரணையால் அடுத்த போர்டும் சேர்ந்து போகிறது, கணவன் மனைவி ஜோடிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவும்.

கடைசியாக, அடுத்த வாரம் ஆட வருவதற்கு முன் உங்கள் பார்ட்னரோடு கால் மணி நேரம் உட்காருங்கள். பார்ட்னர் லீட் செய்யும்போது பெரிய சீட்டு போட்டால் "தொடர்" என்று அர்த்தமா, சின்னதா? டிக்ளேரர் ஆடும் சூட்டில் கவுன்ட் கொடுக்கிறோமா? நோ-டிரம்ப்புக்கு எதிராக நான்காவது சீட்டுத்தானே? இந்த மூன்று கேள்விக்கு இருவரும் ஒரே பதிலை எழுதி கன்வென்ஷன் கார்டில் போட்டுவிடுங்கள். அந்தக் கார்டின் பிட்டிங் பக்கம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. லீட், சிக்னல் என்று அச்சடித்த கட்டங்கள்தான் இன்னும் காலியாக இருக்கின்றன.

அன்புடன்,
உங்களோடு ஆடும் ஒருவன்